வேப்பிலையா, தகரமா?

(பட்டிமன்றத் தலைப்பு: கொள்ளை நோயிலிருந்து உலகைக் காப்பது கதவடைப்பா, கைகோர்ப்பா? 'கைகோர்ப்பே' என்ற அணியில் பேசிய வரலாற்று ஆசிரியையின் உரை)

எதிர்வரிசையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ரொம்பச் சுலபமாக ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். "பக்கத்து வீட்டில் நெருப்புப் பிடித்தால் நம்ம வீட்டு ஜன்னலைச் சாத்து. அவ்வளவுதான் விஷயம்" என்றார். நல்லது. நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பக்கத்து வீட்டில் நெருப்புன்னு உங்களுக்குச் சொன்னது யார்? (கைதட்டல்)

ஐயா, எங்க ஊர் விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எனக்கு அம்மை போட்டது. எங்க அம்மா முதல் காரியமாக வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினாங்க. அந்தக் கொத்து தெருவுக்கு ரெண்டு சேதி சொல்லும். 'உள்ளே வராதீங்க' என்பது ஒண்ணு. 'இந்த வீட்டுக்கு ஒத்தாசை வேணும்' என்பது ரெண்டாவது. எதிர்வீட்டு அத்தை குடத்துத் தண்ணியைத் திண்ணையில் வச்சுட்டு, தள்ளி நின்னு குரல் கொடுப்பாங்க. யாரோ இளநீர் கொண்டு வந்து வைப்பாங்க. பக்கத்து வீட்டுல எனக்காகத் தாளிக்கிறதையே நிறுத்திட்டாங்க. அந்த வீட்டுக்காரர் பத்து நாள் தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டுட்டு, 'இந்தப் பொண்ணுக்கு எப்பத்தான் தலைக்குத் தண்ணி ஊத்துவீங்க?'ன்னு வந்து நின்னார்! (சிரிப்பு)

இது ஒரு காட்சி. இன்னொரு காட்சி, 2020. அப்போது நாங்கள் நகரத்தில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கொரோனா. வந்தார்கள், வாசலில் தகரத்தை வைத்து அடித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தகரத்தைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் தெருவில் ஒருத்தருக்குக்கூடக் காய்ச்சல் வரவில்லை! (சிரிப்பு) சிரிக்காதீங்க. காய்ச்சல் வந்தது, வெளியே சொல்லவில்லை. ரெண்டு தெரு தள்ளிப் போய் மாத்திரை வாங்கினார்கள்.

எங்கள் பெரியப்பா நாலு நாள் காய்ச்சலை மறைத்தார். கேட்டதற்கு, "தகரம் அடிச்சிருவாங்கம்மா. பேத்தியைப் பெண் பார்க்க வர்ற நேரம். ஊர் என்ன பேசும்?" என்றார். அஞ்சாம் நாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

நடுவர் அவர்களே, வேப்பிலையும் தடுப்புத்தான், தகரமும் தடுப்புத்தான். ஆனால் வேப்பிலை கட்டுகிற ஊரில் நோயைச் சொன்னவனுக்கு இளநீர் கிடைக்கும். தகரம் அடிக்கிற ஊரில் நோயைச் சொன்னவனுக்கு அவமானம்தான் கிடைக்கும். எந்த ஊரில் நோய் சீக்கிரம் வெளியே தெரியும்? (கைதட்டல்)

நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். உலக நாடுகள் எல்லாம் கூடி, கொள்ளை நோய்க்கு ஒரு பொதுச் சட்டம் போடணும் என்று பேச ஆரம்பித்து 170 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கதை முழுக்க வேப்பிலைக்கும் தகரத்துக்கும் நடந்த சண்டைதான்.

முதல் கூட்டம் 1851-ல் பாரிஸ் நகரத்தில் நடந்தது. காலரா ஐரோப்பாவை ஆட்டிவைத்த காலம். 12 நாடுகள் வந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் ரெண்டு பிரதிநிதிகள். ஒருத்தர் டாக்டர், இன்னொருத்தர் அரசாங்கத் தூதர். டாக்டர் நோயைப் பார்ப்பார், தூதர் வியாபாரத்தைப் பார்ப்பார். விளங்குமா? (சிரிப்பு) காலரா எப்படிப் பரவுகிறது என்பதே அன்றைக்குத் தெரியாது. கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தால் நஷ்டம் என்று பிரிட்டன் முரண்டு பிடித்தது. ஆறு மாதம் பேசினார்கள். கலைந்து போனார்கள்.

அப்புறம் கூடினார்கள், கலைந்தார்கள். மறுபடி கூடினார்கள், கலைந்தார்கள். எல்லா நாடுகளும் நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் ஒப்பந்தம் எப்போது வந்தது தெரியுமா? 1892-ல், வெனிஸ் நகரத்தில். 41 வருஷம்! எங்க சொந்தத்தில் ஒரு கல்யாணப் பேச்சு 4 வருஷம் இழுத்ததற்கே, மாப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிட்டது! (சிரிப்பு, கைதட்டல்)

அந்த ஒப்பந்தத்தில்தான் என்ன இருந்தது? சூயஸ் கால்வாய் வழியாக மேற்கே போகிற கப்பல்களை எப்படிச் சோதிப்பது என்று இருந்தது. கிழக்கே செத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கிழக்கே இருக்கிற நோய் மேற்கே வரக்கூடாது, அதுதான் நோக்கம். இதற்குள் 1884-லேயே ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கல்கத்தாவுக்கு வந்து, காலராவுக்குக் காரணமான கிருமியை உறுதி செய்துவிட்டார். கெட்ட தண்ணீர்தான் எதிரி என்று தெரிந்தாகிவிட்டது. குழாய் போடப் பணம் வேணும். கப்பலை நிறுத்தக் காவல்காரன் போதும். எது நடந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் காவல் நம்ம கரையிலும் நடந்திருக்கிறது. ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது 'மண்டபம் முகாம்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். பிற்காலத்தில் இலங்கை அகதிகள் தங்கிய முகாம் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம்ம சனங்களை, காலராவும் பிளேக்கும் கடல் தாண்டக்கூடாது என்று, இலங்கை அரசாங்கம் நம்ம கரையிலேயே நாள்கணக்கில் நிறுத்தி வைத்துச் சோதித்த இடம் அது. போய்ச் சேருகிற தோட்டத்து லயத்தில் காற்று வருமா, தண்ணீர் நல்ல தண்ணீரா என்று அதே அக்கறையோடு யார் சோதித்தார்கள்? கதவு எப்போதும் ஏழை முகத்தில்தான் முதலில் சாத்தப்படும் ஐயா. (கைதட்டல்)

எதிரணி நண்பர் இப்போது பென்சிலைக் கூர் சீவுகிறார். 'கதவடைத்துத் தப்பித்த ஊரே இல்லையா?' என்று கேட்பார். இருக்கிறது. நானே சொல்கிறேன்.

1918. உலகத்தையே புரட்டிப்போட்ட விஷக் காய்ச்சல். பசிபிக் கடலில் சமோவா என்று பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு தீவுப் பகுதிகள். ஒன்று அமெரிக்காவின் கையில், இன்னொன்று நியூஸிலாந்தின் கையில். ஆக்லாந்திலிருந்து 'டலூன்' என்ற கப்பல் நவம்பர் 7-ஆம் தேதி மேற்கு சமோவாவுக்கு வந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். கரையில் தடுக்க ஆள் இல்லை. அங்கிருந்த சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்தார்கள். அமெரிக்க சமோவாவில் கவர்னர் போயர் துறைமுகத்துக்குக் காவல் போட்டார். அங்கே அந்தக் காய்ச்சலில் ஒருவர்கூடச் சாகவில்லை.

பார்த்தீர்களா, கதவுதான் காப்பாற்றியது என்பார் நண்பர். அவசரப்படாதீங்க. போயர் ஏன் கதவைச் சாத்தினார்? வானொலித் தந்தி வழியாகச் சேதி வந்தது, சாத்தினார். மேற்கு சமோவா ஏன் சாத்தவில்லை? ஆக்லாந்தில் காய்ச்சல் கொழுந்துவிட்டு எரிந்தபோதும், 'இந்தக் கப்பல் புறப்பட்ட ஊரில் நோய் இல்லை' என்று சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்! கதவு காப்பாற்றியது உண்மை. ஆனால் கதவை எப்போது சாத்தணும் என்று சொன்னது யாரோ அனுப்பிய உண்மைச் சேதி. சேதி இல்லாத கதவு, பூட்டுப் போட்டுவிட்டுத் திருடனை உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி! (பலத்த கைதட்டல்)

அதே 1918-ல் இன்னொரு வேடிக்கை. அந்தக் காய்ச்சலுக்கு 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று பெயர். அது ஸ்பெயினில் பிறந்த நோயா? அதற்கு ஆதாரமே இல்லை. மற்ற நாடுகள் எல்லாம் யுத்தத்தில் இருந்தன, பத்திரிகைக்குத் தணிக்கை. ஸ்பெயின் யுத்தத்தில் சேரவில்லை. அங்கே பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின, ராஜாவுக்கே காய்ச்சல் என்று எழுதின. மறைத்தவர்கள் எல்லாம் தப்பித்தார்கள். சொன்னவன் தலையில் பெயரைக் கட்டிவிட்டார்கள். இதை மனசில் வையுங்கள். இந்தக் கதை திரும்பத் திரும்ப வரப்போகிறது.

ரெண்டாம் உலக யுத்தம் முடிந்தது. 1948 ஏப்ரல் 7-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பிறந்தது. நாம் ஏப்ரல் 7-ஐ உலக சுகாதார தினம் என்று கொண்டாடுவது அதனால்தான். அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய சாதனை பெரியம்மை ஒழிப்பு. 1958-ல் அதை ஒழிக்கலாம் என்று முன்மொழிந்தவர் சோவியத் டாக்டர் ஷ்தானோவ். 1967-ல் முடுக்கிவிட்ட வேலைக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்க டாக்டர் ஹெண்டர்சன். அணுகுண்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்த ரெண்டு நாடுகள்! நம்ம நாட்டில் கடைசி நோயாளி 1975-ல். உலகத்தில் இயற்கையாக வந்த கடைசி நோயாளி 1977-ல், சோமாலியாவில். 1980 மே மாதம், நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். எந்த நாட்டுக் கதவு ஐயா பெரியம்மையை ஒழித்தது? கிராமம் கிராமமாக, வீடு வீடாக, ஒரு படத்தைக் காட்டி, 'இந்த மாதிரி யாருக்காவது இருக்கா?' என்று கேட்டுக் கேட்டு ஒழித்தார்கள். கேட்டால் சொல்லுவார்கள் என்ற நம்பிக்கை ஒழித்தது. (கைதட்டல்)

ஆனால் சட்டம் மட்டும் பழைய பஞ்சாங்கமாகவே இருந்தது. 1981-க்குப் பிறகு, கட்டாயம் உலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள் மூன்றே மூன்று. காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல். எய்ட்ஸ் வந்து லட்சக்கணக்கில் சாகிறார்கள். பட்டியலில் அது கிடையாது!

பட்டியலில் இருந்ததைச் சொன்ன நாட்டுக்காவது மரியாதை கிடைத்ததா? 1994 செப்டம்பர், சூரத் நகரம். பிளேக் என்று சேதி. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரயில் ரயிலாக சனங்கள் ஓடினார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் கிடைக்கவில்லை. இறந்தவர்கள் ஐம்பது சொச்சம். ஆனால் வளைகுடா நாடுகள் விமானத்தை நிறுத்தின. இங்கிருந்து போன சரக்கைத் தொடமாட்டோம் என்று சில நாடுகள் சொல்லின. தடை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. யார் கேட்டார்கள்? நம்ம வாசலில் உலகம் தகரம் அடித்தது ஐயா.

இதைப் பார்க்கிற அடுத்த நாடு என்ன நினைக்கும்? எங்க பெரியப்பா நினைத்ததைத்தான் நினைக்கும். 2002 கடைசியில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் சார்ஸ் நோய். சில மாதம் வாயைத் திறக்கவில்லை. 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஒரு ஓட்டலில் ஒரு நோயாளி தங்கினார். அங்கிருந்து வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று விமானத்திலேயே பறந்தது நோய். ஹனோயில் இருந்த உலக சுகாதார நிறுவனத்தின் இத்தாலி நாட்டு டாக்டர் கார்லோ உர்பானி, 'இது புது நோய், எச்சரிக்கை' என்று முதலில் குரல் கொடுத்தார். அவர் குரலால் உலகம் விழித்தது. அதே நோயில் அவர் மார்ச் 29-ஆம் தேதி இறந்தார். மொத்தம் 774 பேரோடு அந்த நோய் நின்றது. ஒரு மனிதன் உண்மையைச் சீக்கிரம் சொன்னால் எத்தனை உயிர் மிஞ்சும் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் 2005-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று நோய்ப் பட்டியல் போச்சு. எந்த நோயானாலும், உலகத்துக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சொல்லணும். பதிலுக்கு, மற்ற நாடுகள் தேவையில்லாமல் கதவைச் சாத்தக்கூடாது. இதுதான் பேரம். நீ மறைக்காதே, நான் விரட்டமாட்டேன். நம்ம வேப்பிலைச் சட்டமேதான்! (கைதட்டல்)

நடுவர்: எல்லாம் சரிம்மா. அப்படி ஒரு சட்டம் இருந்தும் 2020-ல உலகமே வீட்டுக்குள்ள உட்கார்ந்ததே? அதுக்கு என்ன பதில்?

நியாயமான கேள்வி ஐயா. சட்டம் காகிதத்தில் இருந்தது. 2019 டிசம்பரில் ஊஹான் நகரத்துக் கண் டாக்டர் லீ வென்லியாங், 'ஜாக்கிரதை' என்று சக டாக்டர்களுக்குச் சேதி அனுப்பினார். போலீஸ் கூப்பிட்டு, வதந்தி பரப்பினேன் என்கிற மாதிரி கையெழுத்து வாங்கியது. 2020 பிப்ரவரியில் அவரே அந்த நோயில் போய்விட்டார். மறைக்கிற நாட்டுக்குள் நுழைந்து பார்க்கிற அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்கு அன்றைக்கும் இல்லை, பிறகு செய்த திருத்தத்திலும் கொடுக்கவில்லை. அது குறைதான். மறுக்கமாட்டேன்.

ஆனால் சொன்ன நாட்டை நாம் எப்படி நடத்தினோம்? 2021 நவம்பர். தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒரு புது உருமாற்றத்தைக் கண்டுபிடித்து, தாமதிக்காமல் அறிவித்தார்கள். அதற்குத்தான் ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள். உலகம் என்ன பரிசு கொடுத்தது? ரெண்டே நாளில் ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகளுக்கு விமானம் இல்லை! பிறகு பார்த்தால், அந்த அறிவிப்புக்கு முன்பே எடுத்து வைத்த பரிசோதனை மாதிரிகளில், நெதர்லாந்திலேயே அந்தக் கிருமி இருந்திருக்கிறது. திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். 'திருடன், திருடன்' என்று கத்தினவனைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள்! (கைதட்டல்)

சரி, இளநீராவது கொடுத்தார்களா? அதான், தடுப்பூசி. ஏழை நாடுகளுக்கும் பங்கு என்று 'கோவேக்ஸ்' திட்டம் போட்டார்கள். 2021-க்குள் 200 கோடி டோஸ் என்றார்கள். பாதிகூடப் போய்ச் சேரவில்லை. பணக்கார நாடுகள் சில, தங்கள் சனத்தொகையைப் போலப் பல மடங்கு ஊசிக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தன. நம்ம நாடு மட்டும் உத்தமமா? நாமும் பல நாடுகளுக்கு அனுப்பினோம். ஆனால் 2021-ல் ரெண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதியை நிறுத்தினோம். நம்மை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. வீட்டில் சாவு விழும்போது யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. நல்ல மனசை நம்பி இதை விடமுடியாது. முன்கூட்டியே எழுதி வைக்கணும்.

இதை முதலில் முகத்துக்கு நேரே கேட்ட நாடு இந்தோனேசியா. 2007-ல், பறவைக் காய்ச்சல் கிருமியின் மாதிரியைத் தரமாட்டேன் என்றது. 'எங்க ஊர்க் கிருமியை வாங்கிப் போய் ஊசி செய்றீங்க. அந்த ஊசியை எங்களுக்கே எட்டாத விலைக்கு விற்கிறீங்க. இது என்ன நியாயம்?' என்றது. நாலு வருஷம் பேசி, 2011-ல் ஃப்ளூ நோய்க்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கொரோனா ஃப்ளூ இல்லை. ஆகவே அந்த ஏற்பாடு உதவவில்லை.

இந்தக் காயங்களுக்கெல்லாம் மருந்து போடத்தான், 2021 டிசம்பரில் மறுபடி பேச உட்கார்ந்தார்கள். 2024 ஜூனில் பழைய விதிகளைத் திருத்தினார்கள். 2025 மே 20-ஆம் தேதி, ஜெனீவாவில் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றார்கள். முதல் நாள் ஓட்டெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 11 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. கிருமித் தகவலைச் சீக்கிரம் பகிர்ந்துகொள்ளணும். பதிலுக்கு, அதில் சேருகிற கம்பெனிகள் பெருந்தொற்று நேரத்தில் தயாரிக்கும் ஊசி மருந்தில் 20 சதவீதம் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கணும், அதில் குறைந்தது பாதி இலவசமாக. இளநீரைக் கடைசியில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்! (கைதட்டல்) அதை எப்படி நடத்துவது என்கிற இணைப்பை மட்டும் அன்றைக்குப் பாக்கி வைத்தார்கள். அந்த இணைப்பு முடிந்து, 60 நாடுகள் ஒப்புதல் தந்தால்தான் ஒப்பந்தம் அமலுக்கு வரும். 41 வருஷம் இழுத்த பரம்பரை. அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கணும். (சிரிப்பு)

'நம்ம நாட்டு அதிகாரம் வெளியே போய்விடுமே' என்று எதிரணி நண்பர் பயந்தார். பயப்படவேண்டாம். ஊரடங்கு போடு, ஊசி போடு, எல்லையை மூடு என்று எந்த நாட்டுக்கும் உத்தரவு போடும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்கு இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. என் பயம் வேறே. அந்த நிறுவனத்தின் கையில் காசு இல்லை. கொரோனா நேரத்தில், நாடுகள் கட்டும் கட்டாயச் சந்தா அதன் வரவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதில் பெரும்பகுதி 'இதற்குத்தான் செலவழிக்கணும்' என்று சொல்லிக் கொடுக்கிற நன்கொடை. 2025 ஜனவரியில், அதிகம் பணம் கொடுத்துவந்த அமெரிக்காவே விலகுவதாக அறிவித்தது. தெருவுக்கு ஒரு காவல்காரனை வைத்துவிட்டு, சம்பளத்தைக் கொடுக்காமல், 'திருடன் வந்தப்ப எங்கேடா போனே?' என்றால் அவன் என்ன செய்வான்? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. நிறைவாக ஒன்று.

கதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்க அம்மாவும் யாரையும் உள்ளே விடவில்லை. ஆனால் வேப்பிலையைக் கட்டும்போது அவங்க கை நடுங்கவில்லை ஐயா. தெரு நம்மைக் கைவிடாது என்று தெரியும். எங்க பெரியப்பாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஸ்பெயினுக்குப் பழிதான் கிடைத்தது. சூரத்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தகரம் கிடைத்தது. அடுத்த நோய் எந்த ஊரில் முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஊர்க்காரன் முதல் நாளே வாசலில் வேப்பிலை கட்டுவானா, அஞ்சாம் நாள்வரை மறைப்பானா? அதில்தான் நம்ம பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. அவனைக் கட்டவைப்பது நம்முடைய பூட்டு அல்ல. திண்ணையில் நாம் வைக்கப்போகும் தண்ணீர்க் குடம்.

ஆகவே, உலகத்தைக் காப்பது கைகோர்ப்பே, கைகோர்ப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)